ஒட்டுக்குடித்தனம்

ஸ்மோகன் ஏலக்கூடம், விடியற்காலை நாலு மணி.
பனிக்கட்டிக்குள் கைவிட்டு
சிங்கி இறால்களைத் தரம் பிரிக்கிறாள் குன்வோர்.
பெரிசு, நடுத்தரம், கால் போனது.

அவள் வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கும் டோர்கெல்
நேற்றிரவு ஒன்றின் வாயை மட்டும் நறுக்கி
நுண்ணோக்கியின் அடியில் வைத்துக் கூப்பிட்டான்.

உதட்டு மயிரில் ஒரு ஊரே தொங்கிக்கொண்டிருந்தது.
ஆளுக்கொரு காம்பு, ஆளுக்கொரு வாய்.
இறாலுக்குக் கைக்கெட்டி வாய்க்கெட்டாமல் போவதுதான்
அவற்றுக்கு மூன்று வேளையும்.

"இறால் சட்டை உரித்தால்?"

"ஊரோடு போச்சு.
மற்ற நாளில் பிறப்பவை அடுத்த மயிருக்குக் குடிபோகும்.
உரிக்கும் காலம் நெருங்கினால் மட்டும்
நீந்தத் தெரிந்த பிள்ளை பெறும்."

"யார் சொல்வது அவற்றுக்கு?"

டோர்கெல் சிரித்தான். "அதைத்தான் நாலு வருஷமாகத் தேடுகிறேன்."

முப்பத்தொரு வருஷத்தில்
நீளம் பார்த்திருக்கிறாள், எடை பார்த்திருக்கிறாள்.
வாயைப் பார்த்ததில்லை.

வீட்டைக் கோடைக்காரர்களுக்கு விற்றாயிற்று.
அக்டோபரில் சாவி கைமாறும்.
மாடிக்கு இன்னும் சொல்லவில்லை.

பெட்டியில் ஒன்றின் முதுகை விரலால் அழுத்துகிறாள்.
ஓடு இளசு. உரித்து இரண்டு நாள் இருக்கும்.
குனிந்து அதன் வாயருகே உற்றுப் பார்க்கிறாள்,
வெறுங்கண்ணுக்கு ஒன்றும் தெரியாது என்று தெரிந்தே.

பிறகு
கால் போனதோடு சேர்த்துப் போடுகிறாள்.