மெத்ஸேன் இன்னும் வரவில்லை

செவ்வாயும் வியாழனும் மாலை ஏழு மணி வகுப்பு.
நுங்கம்பாக்கத்து மாடியறையில்
ஏசிச் சத்தத்துக்கு மேலே குரலெடுத்து
மதாம் பிலோமின் சொன்னார்:
மெத்ஸேன் என்றால் டாக்டர்.
கடைசி ன்-னை மூக்கிலேயே நிறுத்தணும்,
நாக்கு அண்ணத்தைத் தொடக் கூடாது.
தொட்டுவிட்டேன்.
தொடாமல் சொல்கிற ன்
எங்களிடம் இல்லை, மதாம்.

டாக்டர்கிட்ட போறேன் என்பதை அவர்கள்
டாக்டர் வீட்டுக்குப் போகிற மாதிரி சொல்கிறார்களாம்.
ஷே லு மெத்ஸேன்.
வாசலில் செருப்பைக் கழற்றி
காபி குடித்து, பிள்ளைகள் படிப்பை விசாரித்து
அப்புறம் மெதுவாக முழங்கால் வலிக்கு வருவார்கள் போல.
நமக்குக் 'கிட்ட' போவதற்கே
எழுபது டோக்கன்.

பெண் டாக்டரையும் ஆண்பாலில்தான் எழுதணுமாம்.
எங்கள் வளர்மதி டாக்டர் கேட்டால் சிரிப்பார்.
மருத்துவர் என்கிற நம்முடைய 'ர்'
யார் என்று கேட்காமல் உள்ளே விட்டுவிடுகிறது.

வீட்டுப்பாடம்:
மெத்ஸேன் வருகிற மாதிரி
அன்றாட வாக்கியங்கள் பத்து.

சுலபம் என்று நினைத்தேன்.
கிரீம்ஸ் ரோடு, மூன்றாம் மாடி, எலும்புப் பிரிவு.
டோக்கன் மேசை என்னுடையது.
பரீட்சை பாஸ் செய்தால் மாதம் இரண்டாயிரம் கூட
என்று சொல்லித்தான் வகுப்புக்கே அனுப்பினார்கள்.
காலை எட்டு மணியிலிருந்து
நான் வாய் திறப்பதே டாக்டரைப் பற்றித்தான்.

டாக்டர் இன்னும் வரலை.
டாக்டர் ஆபரேஷன்ல இருக்கார். அதாவது, வரலை.
டாக்டர் வார்டுக்குப் போயிருக்கார். வரலை.
டாக்டர் கிண்டி தாண்டிட்டாராம்.
இதுவும் வரலைதான்,
கொஞ்சம் நம்பிக்கை சேர்த்தது.

நாம் ஒரே மூச்சில் முடிக்கிற வரலையை
அவர்கள் துண்டாக்கி
வினைக்கு முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சம் வைக்கிறார்கள்.
லு மெத்ஸேன் நே பா ஸான்கோர் ஆரிவே.
இருபத்தொன்பது சி பேருந்தில்
உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன்.
பக்கத்து சீட்டுப் பெண்
எழுந்து முன்னால் போய் நின்றுகொண்டார்.

வெள்ளிக்கிழமை அபிஜானிலிருந்து ஒருவர்.
கூடவே இடுப்புவரை கட்டுப் போட்ட மகள், சக்கர நாற்காலியில்.
செக்யூரிட்டி எத்திராஜிடம்
மெத்ஸேன், மெத்ஸேன் என்று கேட்டிருக்கிறார்.
மெடிசினா சார், கீழே, லெஃப்டுல என்று
அவரும் அக்கறையாகவே அனுப்பியிருக்கிறார்.
மூன்று தடவை.
மூன்றாம் தடவை மேலே வந்தபோது
அந்த மனிதர் கையில்
ஒரு அட்டை பாராசிட்டமால்,
ஒரு பாக்கெட் ஆரஞ்சு குளுக்கோஸ்,
பில்.

ஃபைலில் பெயர் கூலிபாலி.
கூலி, பாலி என்று இரண்டாக்கி
எத்திராஜ் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.
நான் எழுந்து
என்னிடமிருந்த ஒரே வாக்கியத்தைச் சொன்னேன்.

அவர் அப்படியே நின்றார்.
பிறகு கொட்டினார்.
விமானம், விசா, ஏதோ ஒரு ஊர், ஏதோ ஒரு இரவு,
எல்லாம் இருந்திருக்கும் அதில்.
எனக்குப் பிடிபட்டது மா ஃபீய் மட்டும்.
என் மகள்.
தலையாட்டினேன்.
திரும்பவும் அதே வாக்கியத்தைச் சொன்னேன்.

மகளுக்கு எட்டு வயதிருக்கும்.
இல்லை என்று விரலாட்டி, வாயை அகலத் திறந்து
நாக்கு எங்கேயும் தொடாமல் கிடப்பதைக் காட்டினாள்.
மெத்ஸேன்.
நானும் திறந்தேன்.
நாற்பது டோக்கன்களுக்கு முன்னால்
ஒருத்திக்கொருத்தி தொண்டையைக் காட்டிக்கொண்டிருந்தோம்.
எத்திராஜ் எட்டிப் பார்த்து
உங்களுக்கும் உடம்பு சரியில்லையாம்மா என்றார்.

பன்னிரண்டு நாற்பதுக்கு லிஃப்ட் திறந்தது.
முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று,
நடுவே அந்த 'இன்னும்'.
எல்லாவற்றையும் கழற்றிவிட்டுச் சொன்னேன்:
லு மெத்ஸேன் எ தாரிவே.
கூலிபாலி குளுக்கோஸ் பாக்கெட்டை
என் மேசையிலேயே வைத்துவிட்டு
நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடினார்.

செவ்வாய்க்கிழமை மதாம் நோட்டைத் திருப்பிக் கொடுத்தார்.
பத்தாவதற்கு டிக்.
ஓரத்தில் சிவப்பில் ஒரு கேள்வி:
முதல் ஒன்பதும் ஒரே வாக்கியமா?

ஆமாம் மதாம்.
அன்றாடம் என்றுதானே சொன்னீர்கள்.