உள்ளங்கால்

செவ்வாய்க்கிழமை, குருசடிக்கு அடுத்த கிளினிக்கில்
தோல் டாக்டர் வருவார் என்று
கோயில் மைக்கில் இரண்டு தரம் சொன்னார்கள்.
என் முதுகில் ஒரு பரு, மாசக்கணக்கில் காயாமல்.
பிளாரன்சிதான் சட்டையைப் பிடித்து இழுத்துப் போனாள்.
கடவத்தை வாசலில் வைத்தாள்.
அடியில் நாலு அயலை மிச்சம்.

டாக்டர் அபிஷாவுக்கு எங்கள் மகளைவிட
நாலைந்து வயசு கூடுதல் இருக்கும்.
விளக்கு வைத்த ஒரு கண்ணாடியை முதுகில் ஒட்டிப் பார்த்தார்.
கழுத்து, காதுமடல், கைமுட்டு.
"இது ஒண்ணுமில்ல. களிம்பு தாறேன்."
சட்டையை மாட்டிக்கொண்டேன்.

பிறகு ஏன் கேட்டார் என்று இன்றும் தெரியாது.
பிளாரன்சி இடதுகாலின் ஓரத்தை மட்டும்
ஊன்றி நின்றாளோ என்னமோ.
"அக்கா, உங்களுக்கு?"
"எனக்கென்ன, கல்லு மாதிரில்லா இருக்கேன்."
"காலைக் காட்டுங்க."

அவள் என்னைப் பார்த்தாள்.
செதிள் ஒட்டிய காலை
எப்படி ஒரு டாக்டரின் மடியில் வைப்பது?
சேலை நுனியால் துடைத்தாள்.
இன்னொரு தரம் துடைத்தாள்.

பெரிய வியாழன் பூசையில்
பன்னிரண்டு ஆண்களில் ஒருவனாய்
மூன்று வருஷம் உட்கார்ந்திருக்கிறேன் நான்.
சாமியார் குனிந்து என் காலைக் கழுவி, துவட்டி, முத்தமிட்டிருக்கிறார்
(வீட்டிலேயே சோப்புப் போட்டுக் கழுவிய கால்).
பெண்கள் பக்கத்தில் அவள் முழங்காலில் நின்றாள்.
முழங்காலில் நிற்பவளின் உள்ளங்கால்
பின்னால் நிற்பவருக்குத்தான் தெரியும்.

குதிகாலுக்குச் சற்று முன்னே
ஒரு கறுப்பு.
ஓரம் கோணலும் மாணலும்.
ஒரு பக்கம் தவிட்டு நிறம், மறுபக்கம் கணவாய் மை.
"திருக்கை முள்ளு குத்தினது. ஆறேழு வருஷமாச்சு.
நோவு ஒண்ணும் இல்ல."
"முன்னே எவ்வளவு இருந்தது?"
"மிளகளவு."
இப்போது ஒரு ரூபாய்க் காசு.

தண்ணீர் நிறம் இருண்டால்
அரைமைல் தள்ளிச் சாளைக்கூட்டம் என்று சொல்கிற கண் எனக்கு.
எட்டுப் பேர் வள்ளத்தில்
என் வாக்குக்குத்தான் மடி இறங்கும்.
இருபத்தாறு வருஷம் ஒரே பாய்.

ஆசாரிபள்ளத்தில் வெட்டியெடுத்த சதை
குப்பியில் போனது.
பதினோரு நாள்.
அவள் காலில் கட்டோடு திங்கள்சந்தைக்குப் போனாள்,
முதல் தடவையாகச் செருப்பு வாங்கினாள்,
நூற்றெண்பது ரூபாய்க்குக் கடைக்காரனோடு சண்டை போட்டாள்.
நான் கடலுக்குப் போனேன்.
மடி நிறைந்து வந்ததா, வெறுமனே வந்ததா
என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

"கான்சர்தான்" என்றார் டாக்டர்.
அந்தச் சொல்லை அவர் சுற்றி வளைக்கவில்லை.
"ஆனா மேல்தோல்லயே நிக்குது. கீழ இறங்கல்ல."
அது எனக்கு விளங்கியது.
நங்கூரம் இன்னும் தரை தட்டவில்லை.
வள்ளத்தைத் திருப்பலாம்.

தொடையிலிருந்து தோலெடுத்து அடிக்காலில் தைத்தார்கள்.
ஆனி ஆடி முழுக்க அவள் கட்டிலில்.
நான் வைத்த குழம்பில் புளி கூடிப்போனது.
"ஒனக்க குழம்புக்கு அந்த ஊசியே மேல்" என்றாள்.

இப்போது மாதத்தில் ஒரு ஞாயிறு,
பூசை முடிந்து வந்ததும்
போன் வெளிச்சத்தைப் போட்டு அவள் காலடியில் உட்காருவேன்.
விரலிடுக்கு, நகத்தடி, குதிகால், தைத்த வட்டம்.
தொடைத்தோல் இன்னும் வெளுப்பாக
வந்த வீட்டில் கூச்சம் தெளியாத மருமகள்போல் இருக்கிறது.
பிறகு நான் குப்புறப் படுப்பேன்,
என் முதுகை அவள் பார்ப்பாள்.

நேற்றுச் சந்தையில்
மேபலின் காலைப் பிடித்து இழுத்தாளாம்.
"காட்டுட்டி, சும்மா காட்டு."
மேபல் நெளிய, மீன் வாங்க வந்தவர்கள் சிரிக்க,
வரிசையாக எல்லாப் பெண்களின் பாதத்தையும் பார்த்து முடித்து
விற்காத சாளையோடு வீடு வந்தாள்.
"நட்டம்லா?" என்றேன்.
"கெடக்கட்டு" என்று
செருப்பைக் கழற்றினாள்.