உள்ளே ஒரு குடை

தூத்துக்குடியில் இறங்கிய ஏதோ எந்திரத்தின்
பைன் பெட்டி,
பேட்டை ஆக்கர் கடையில் கிலோ கணக்கில் கிடைத்தது.
கிதாரின் முகப்பும் முதுகும் அதிலேயே.

இழைத்துத் தட்டினால் கதவுச் சத்தம்.
இன்னும் இழைத்தேன்,
கல்லிடைக்குறிச்சி அப்பளம் ஆகும்வரை.

விலாப் பலகை இரண்டு முறிந்தன.
மூன்றாவது, கொதிக்கும் சைலன்சர் குழாயில்
மனசு மாறி வளைந்தது.
கிழித்த சைக்கிள் ட்யூபால் இறுக்கிக் கட்டியும்
ஐப்பசி ஈரத்தில் பசை ஒன்பது நாள் இழுத்தது.
நரம்பு தாங்க எருமை எலும்பு கொடுத்த
மேலப்பாளையம் மைதீன்பிச்சை
காசு வேண்டாம், வாசிச்சுக் காட்டும் வே என்றார்.

எப்படிக் காட்ட?
ஏழாவது கட்டில்
ஈ அடைபட்ட மாதிரி ஓர் இரைச்சல்.

ஜெபசெல்வி துளைக்குள் டார்ச் அடித்தாள்.
நான் இழைக்காமல் விட்ட பக்கத்தில்
கறுப்பு மையில் ஒரு குடை,
மேல்நோக்கி ஓர் அம்பு.
சுரண்டிரலாமா என்றாள்.

வெளியே மழை விடவில்லை.
இருக்கட்டும் என்றேன்.