நாளுக்கு ஒரு லீற்றர்

முதலில் சப்பாத்தைத்தான் குறை சொன்னேன்.
வின்னிபெக் குளிரில் தோல் சுருங்கியிருக்கும் என்று
அரை அளவு பெரிதாய் இன்னொரு சோடி வாங்கினேன்.
அதுவும் பின்னேரத்துக்குள் இறுகியது.
காலுறையைக் கழற்றினால்
கணுக்காலில் அதன் பட்டி
இராச்சாப்பாடு முடியும்வரை அழியாமல் கிடந்தது.

பிறகு தேத்தண்ணீர்.
"சில்லறைக் காசு போட்டோ காய்ச்சினனீர்?"
நகுலா கேத்திலை மாற்றினாள்.
புதுக் கேத்திலிலும் அதே காசு.

சிறுநீரில் நுரை.
அதைப் போய் ஆரிடம் சொல்ல?
கழிவறை கழுவும் மருந்தின் நுரை என்று
எனக்கு நானே சாட்சி சொன்னேன்.

களைப்பு வந்தது, முதுகெல்லாம் சொறிந்தது.
விடியவிடியப் பனி தள்ளும் வண்டி ஓட்டுபவனுக்குக்
களைப்பும் ஒரு வருத்தமா?

இரத்தப் பரிசோதனைத் தாளில் பதினொன்று.
"பள்ளிக்கூடத்தில்கூட இவ்வளவு குறைய எடுத்ததில்லை" என்றேன்.
தாதி மரிசெல் சிரிக்கவில்லை.
சீனி வருத்தத்துக்கு மருந்தை மறந்து மறந்து போட்டதையும்
முதுகு நோவுக்கு மறக்காமல் நாலு குளிசை போட்டதையும்
எழுதிக்கொண்டாள்.

இப்போது தராசில் ஏறிய பிறகுதான் தேத்தண்ணீர்.
நேற்றையைவிட ஒரு கிலோ கூடினால்
அது சோறல்ல, தண்ணீர்.
கிழங்கை வெட்டி ஊறவைத்து, அவித்து, அவித்த நீரை ஊற்றி,
பிறகுதான் கறி.
இளநீர் டின்கள் அயல்வீட்டுக்குப் போய்விட்டன.
இடது கையில் மணிக்கூடு கட்டுவதில்லை.
அங்கே தோலுக்கடியில்
நிறுத்தாமல் விட்ட எஞ்சின் ஒன்று உறுமுகிறது.
காலையில் காதோடு வைத்துக் கேட்கிறேன்.
சத்தம் நின்றால் உடனே வா என்றிருக்கிறாள் மரிசெல்.

திங்கள், புதன், வெள்ளி, நாலு மணித்தியாலம் நாற்காலி.
வியாழன் இரவு பழையபடி வண்டி.

போத்தலில் நகுலா கீறிய கோடுகள்.
ரசமும் அதற்குள், குளிசை விழுங்கும் மிடறும் அதற்குள்.
வெளியே, தெரு முழுக்கத் தண்ணீர்,
இடுப்பளவு வெள்ளையாய்,
நான்தான் அதை ஓரத்துக்குத் தள்ளுகிறேன்
நாக்கு அண்ணத்தில் ஒட்டியபடி.

நேற்று வண்டிக் கூரையிலிருந்து
ஒரு பிடி அள்ளி வாயில் போட்டேன்.
வீட்டுக்கு வந்து
போத்தலில் நாற்பது மில்லியைக் கழித்தேன்.

நகுலா கண்டாள். ஒன்றும் பேசவில்லை.
முற்றத்தில் ஒரு பிடி அள்ளி வந்து
கோப்பையில் உருகவிட்டு அளந்தாள்.
இருபத்திரண்டு.

மிச்சத்தை
மத்தியானச் சொதியில் ஊற்றினாள்.