இருநூற்றுப் பதினான்காம் வரி

மார்த்தாண்டம் மேம்பாலம்
எங்கள் ஜன்னலை உரசிக்கொண்டு போகிறது.
களியக்காவிளை பஸ்ஸில் தொங்குகிறவர்கள்
என் திரையை எட்டிப் பார்த்தபடி கடக்கிறார்கள்.
அவர்களுக்குத் தெரிவது பச்சைப் புள்ளிகள்,
வரிசை வரிசையாக,
மணலில் நெத்திலி காயப்போட்டதுபோல.

நானூற்றுப் பன்னிரண்டு சோதனைகள்.
முப்பத்தெட்டு நொடி.
அதற்குள் என் படகுகள்
டீசல் ஏற்றி, ஐஸ் ஏற்றி, டோக்கன் வாங்கி,
ஆழ்கடலுக்குப் போய்த் திரும்பி
ஏலக் கணக்கையும் முடித்துவிடும்.
ஒன்றுக்கும் அடி நனையாது.
கடைசிச் சோதனை முடிந்ததும்
டேட்டாபேஸைத் துடைத்துவிடுவோம்.
படகு இல்லை, துறை இல்லை,
கடலும் இல்லை.
ஜெர்லின் எங்கோ ஒரு காற்புள்ளியை மாற்றுவான்,
எல்லாம் மறுபடி முதலிலிருந்து.

இரவிபுத்தன்துறைப் படகுச் சங்கத்துக்கான ஆப் இது.
எண்பது சதவீதக் கவரேஜ் போதும் என்றது ஒப்பந்தம்.
எங்களுக்குத் தொண்ணூற்றொன்று.
விபின் ரசவடை வாங்கி வந்தான்.

எண்ணெய் விரலோடு அறிக்கையைத் திறந்தேன்.
ஓடிய வரிகள் பச்சை. ஓடாதவை சிவப்பு.
சிவப்பில் பெரும்பாலும் சில்லறைச் சங்கதி:
பிரிண்டரில் தாள் தீர்ந்தால்,
பாஸ்வேர்டை ஆறு தடவை தப்பாக அடித்தால்.
பிறகு, வரி 214.

படகு திரும்பினால், பச்சை.
திரும்பாவிட்டால்,
சிவப்பு.
உள்ளே வெறுமனே ஒரு ரிட்டர்ன்.
அதன் தலைக்குமேல் ஜெர்லினின் குறிப்பு:
அப்புறம் பாக்கலாம்.

சோதனை எழுதுவது சுலபம்.
படகை அனுப்பு. திரும்பிய தேதியை நிரப்பாதே.
கடிகாரத்தை நாற்பது நாள் தள்ளி வை.
பிறகு ஒன்றே ஒன்று சொல்ல வேண்டும்,
எதிர்பார்ப்பது என்ன என்று.
கர்சர் அந்த இடத்தில் துடித்துக்கொண்டே நின்றது.

சங்கத்து ததேயு அண்ணனுக்குப் போன் போட்டேன்.
"காணவில்லைன்னு காட்டட்டுமா?"
"அந்த வார்த்தை வேண்டாம் மக்களே.
வீட்டுல இருக்கவளும் இதே ஆப்பத்தான் பாப்பா."
"திரும்பவில்லைன்னு?"
பதில் இல்லை.
ஏலச் சத்தம் மட்டும் கேட்டது.
ஒரு கூடை கணவாய் யாருக்கோ படிந்தது.
"எத்தன நாளுக்கு ஐஸ் கெடக்குன்னு காட்டு.
அரிசி, தண்ணி எத்தன நாளுக்குன்னு காட்டு.
கடைசியா வயர்லெஸ்ல எப்பம் பேசினான்னு காட்டு.
அதுக்கு மேல சொல்ல
அந்த ஆப்புக்கு என்ன தெரியும்?"

எழுதும்போதே இன்னொன்றும் அகப்பட்டது.
ஐம்பது வரிகளை ஓடவிட்டு
எதையும் சரிபார்க்காமல் திரும்பிய ஒரு சோதனை.
கணக்கெடுக்க வந்தவர் கதவைத் தட்டிவிட்டு
ஆள் உண்டு என்று எழுதிக்கொண்டு போனமாதிரி.
அழித்தேன்.
தொண்ணூற்றொன்று எண்பத்தேழாயிற்று.
விபின் நாற்காலியோடு உருண்டு வந்தான்.
"குறஞ்சிருக்கே?"
"வடையத் திருப்பிக் கேப்பியா?" என்றேன்.

திரும்பாத படகுக்கு
முதலில் ஒரு பெயர் வைத்திருந்தேன்,
ஏதோ ஒரு மாதா பெயர், வாய்க்கு வந்தது.
ரிவ்யூவில் ஜெர்லின் போட்டது ஒரே திருத்தம்:
பெயரை எடுக்கவும்.
அவன் சின்னத்துறைக்காரன் என்பது
எனக்கு அப்போதுதான் உறைத்தது.
எடுத்தேன்.
அவனும் தன் பழைய குறிப்பை எடுத்துவிட்டான்.
இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை.
சாயா வந்தது, குடித்தோம்.

இப்போது ஒவ்வொரு ஓட்டத்திலும்
சோதனைப்படகு ஏழு
போகிறது, வருவதில்லை.
கரண்ட் போனாலும் யூபிஎஸ்ஸில் அந்த நாற்பது நாள்
ஒரு நொடிக்குள் கழிகிறது.

ஐஸ்: தீர்ந்திருக்கும்.
அரிசி: இரண்டு நாள்.
கடைசிப் பேச்சு: செவ்வாய், விடியற்காலை 5.40.

பச்சை.