சிரிப்பு ஒட்டின இடம்

தொலைக்காட்சிக்காரர் யாழ்ப்பாணம் வந்தது ஐப்பசி மழைக்குள்.
மண்டபத்தில் நாலு பெரிய வெளிச்சம், ஒரு கமெரா,
கூரை ஒழுக்குக்கு அதன்மேல் குடை பிடிக்க ஒரு பெடியன்.
என்ர பான்ஜோவின் ஆட்டுத்தோல்
ஈரம் குடித்து
நமுத்த அப்பளமாய்த் தொய்ந்து கிடந்தது.

எமிலியாம்பிள்ளை பகிடி விடுவான்.
நான் சிரிக்காமல் நிற்பேன்.
குருநகர்க் கலியாணவீடுகளில் பதினொரு வருஷம்
இதுதான் எங்கட பிழைப்பு:
அவனுக்குத் தொளதொளத்த காற்சட்டை, இடுப்பில் வலைக்கயிறு;
எனக்குக் கறுப்புக் கோட்டு, நாலு நரம்பு, செத்தவீட்டு முகம்.
மேடைக்குக் கீழே கதைபேச்சில்லை.
என்ர சைக்கிள் டைனமோவை
ஓரிரவுக்கென்று கழற்றிக்கொண்டு போனவன்.
இரண்டு நத்தார் போய்விட்டது.

பாட்டுத் தொடங்கமுதல் இரண்டாம் நரம்பு அறுந்தது.
"யுவக்கீன், மாத்து" என்று காதுக்குள் சொன்னான்
(அது கதைத்ததாய்க் கணக்கில்லை),
முன்னுக்குப் போய் நின்றான்.
ஒன்பது நிமிஷம்.
"சனங்களே, அது வாத்தியமில்லை,
அவற்ற மாமியார் சீதனமாய்க் குடுத்த தாச்சி.
மீன் பொரிச்சாத்தான் சுருதி சேரும்."
பிறகு தன்ர காற்சட்டைக்குள் தன்னைத் தேடினான்.
முன்வரிசையில் ஒரு சுவாமியார்
கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார்.
நான் குனிந்து முறுக்காணி திருகிக்கொண்டிருந்தேன்.
சிரிக்கவில்லை. பழக்கம்.

ஒளிபரப்பான ஞாயிறு
லிகோரியின் தேத்தண்ணிக் கடையில் கறுப்பு வெள்ளைப் பெட்டி,
அன்டெனா வள்ளத்துப் பாய்மரத்தில்.
காற்றடிக்கத் திரையில் எல்லாருக்கும் இரண்டு தலை.
ஒன்பது நிமிஷத்தையும் வெட்டியிருந்தார்கள்.
எமிலியாம்பிள்ளையின் ஒரு முழங்கை மட்டும்
ஓரத்தில் வந்து போனது.
மிச்சமெல்லாம் நான்.

ஆனால் சிரிப்பை அவர்கள் எறியவில்லை.
கொண்டுவந்து
என்ர வாசிப்புக்கு அடியில் ஒட்டியிருந்தார்கள்.
நான் உயிரைக் கொடுத்து வாசிக்கிறேன்,
ஒவ்வொரு திருப்பத்திலும் மண்டபம் உருண்டு சிரிக்கிறது.
சுவாமியார் கண்ணைத் துடைக்கிறார்.
கடையிலும் தொற்றிக்கொண்டது. லிகோரி சீனிப் போத்தலைக் கவிழ்த்தான்.
பின்வாங்கில் எமிலியாம்பிள்ளை மட்டும்
சிரிக்காமல் இருந்தான்,
என்ர முகத்தை வைத்துக்கொண்டு.

அடுத்த கலியாணம் கொழும்புத்துறையில்.
பான்ஜோவை உறையிலிருந்து எடுக்கவே சனம் சிரித்தது.
கோபத்தில் வேகமாய் வாசித்தேன்; கூடச் சிரித்தது.
பிறகு கை தானே கண்டுபிடித்தது:
மூன்றாம் அடி முடிகிற இடத்தில்
ஒரு மூச்சு நீளத்துக்குப் பள்ளம்.
நிறுத்தினேன்.
அந்தப் பள்ளத்துக்குள்
எமிலியாம்பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை.
மணிக்கூடு இல்லாத கையைத் தூக்கி
நேரம் பார்த்தான்.

பந்தல் கழன்றது.
மாப்பிள்ளை கதிரையோடு சரிந்தான்.
எனக்கும், வாயை இறுக்கிப் பிடித்தும்,
மூக்கால் வந்துவிட்டது.

இரவு, கரையோர வீதியில்
அவன் முன்னே மிதித்தான், நான் பின்னே.
ஒரு சொல் இல்லை.
என்ர டைனமோ அவன்ர சில்லில் உரசி
முனகிக்கொண்டு போனது.
அந்த வெளிச்சத்தில்தான்
நானும் குழி விலக்கினேன்.