பாதி விலை அருவி

மூடுபனி நாளில் பாதி விலை
என்றார் எயுத்திமியோ.
அருவி தெரியாது. கேட்கும்.
கேட்பதற்கு அறுபது பெசோ.

கார் உதிரிபாகக் கம்பெனிக்காக
மூன்று வாரம் பூயப்லா நகரத்தில்,
மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும்
சிவப்புச் சீட்டு ஒட்டுகிறவன் நான்.
சனி ஞாயிறுக்கு ஒரு ஊர் சொல்லுங்கள் என்றேன்.
சான் தெலெஸ்ஃபோரோ என்றாள் விடுதிப் பெண்.
ஐந்து மணி நேரம், நானூறு வளைவு,
கையில் ஒரு எலுமிச்சம்பழம் இருக்கட்டும்.

அவர் முன்னால், நான் பின்னால்.
தொப்பி மட்டும் தெரிந்தது,
சில இடங்களில் அதுவும் இல்லை.
"இங்கே பெரணி" என்றது குரல்.
கை நீட்டினேன். பெரணிதான்,
இரண்டு ஆள் உயரம், சொட்டச் சொட்ட ஈரம்.
"இங்கே காப்பி."
பழமொன்று விரலிடுக்கில் நசுங்கி இனித்தது.
"இங்கே பள்ளம்."
நின்றுவிட்டேன்.
"இருக்கிறது என்றேன். விழச் சொல்லவில்லை."

பஞ்சாலைக் கதவைத் திறந்ததுபோல் இரைச்சல்.
வெண்மைக்குள் விரல் நீட்டி
மேல்படி, நடுப்படி, கீழே குளம் என்றார்.
கல்யாண வீட்டில்
முகம் தெரியாத உறவுகளுக்கு ஆட்டுவதுபோல்
ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினேன்.

கிரிசாந்தாவின் கடையில் மூன்று மேசை.
நான்காவதில் கோழி.
நீள்வட்டமாகத் தட்டிய சோளமாவுக்குள் பீன்ஸ் மசியல்,
அவகாடோ இலையின் சோம்பு வாசம்.
பூஞ்சை பிடித்துக் கறுத்து வீங்கிய சோளக்கதிரை
வதக்கி வைத்தாள்.
எங்கள் ஆய்வு மேசையில் அதற்குச் சிவப்புச் சீட்டு.
இங்கே அதற்குத்தான் விலை கூட.

ஊசிமிளகாய்த் துவையலை மட்டும்
"வெளியூர்க்காரருக்கு ஆகாது" என்று தள்ளிவைத்தாள்.
நான் இழுத்துக்கொண்டேன்.
கடை பார்த்தது. கோழி பார்த்தது.
எங்கள் ஊரிலும் மிளகாய் உண்டு
என்று சொல்ல வாய் திறந்தபோது
விக்கல் முந்திக்கொண்டது.
ஒன்றும் பேசாமல் உப்பை நகர்த்தினாள்.

அருங்காட்சியகம் என்பது
நகராட்சிக் கட்டடத்தின் பின்னால் ஓர் அறை,
ஒப்துலியா ரெய்னோசோவின் இடுப்பில் ஒரு சாவி.
மூக்கு போன கல்முகம் ஒன்று.
மழைத்தெய்வமாக இருக்கலாம் என்று அட்டை.
"நிலத்தில் கிடந்தது. என் அண்ணன்மார்
இதன்மேல் உட்கார்ந்துதான் மத்தியானம் சாப்பிடுவார்கள்.
அட்டை வந்தபிறகு நின்று சாப்பிட்டார்கள்."

வருகைப் பதிவேட்டைத் திறந்தால்
ஒப்துலியா, ஒப்துலியா,
ஒரு ஜெர்மன்காரர், மறுபடி ஒப்துலியா.
"யாரும் வராத நாளில் நான் பார்க்கிறேன்.
பார்த்தால் கையெழுத்துப் போட வேண்டாமா?"
தமிழில் போட்டேன்.
நோட்டைச் சாய்த்துப் பார்த்தாள், நேராக்கிப் பார்த்தாள்.
"பெரணிக் கொழுந்து" என்றாள்.

ஞாயிறு இரண்டு மணிப் பேருந்து.
மூன்றாவது வளைவில் பனி விலகியது,
யாரோ திரையைப் பற்றி இழுத்ததுபோல.
அருவி.
என் ஜன்னலில் இல்லை, எதிர்ப்பக்கம்.
முட்டைத் தட்டோடிருந்த பெண்
தட்டை என் இடத்தில் வைத்து
தன் இடத்தில் என்னைத் தள்ளினாள்.
மூன்று படி. அவர் விரல் காட்டிய அதே மூன்று.

பேருந்து நின்றது.
ஜன்னலுக்குக் கீழே மூச்சிரைக்க ஒரு தொப்பி,
நீட்டிய கை.
"இப்போது தெரிகிறது. மீதி அறுபது."

பையைத் துழாவி, நோட்டைப் பிரித்து,
சில்லறை எண்ணிக் கொடுத்து நிமிர்ந்தால்
வெண்மை.

எயுத்திமியோ திரும்பிப் பார்த்தார்.
கையிலிருந்த காசைப் பார்த்தார்.
கொஞ்சம் யோசித்து
ஒரு பத்து பெசோ நாணயத்தை
ஜன்னல் வழியே திருப்பிக் கொடுத்தார்.